தொடக்கப் பள்ளி உயர்நிலைப் பள்ளியோடு இணையும்போது: ஆசிரியர்களைத் தயார்செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஜூனில் ஆந்திர அரசு 117ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. ஊர்த் தொடக்கப் பள்ளியில் இருந்த 3, 4, 5ஆம் வகுப்புகள் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார் என்பது கணக்கு. சின்னப் பிள்ளைகள் சாலையைக் கடந்து எப்படிப் போவார்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். பணியிடம் குறையும் என்று சங்கங்கள் போராடின. ஆட்சி மாறிய பிறகு, 2025இல் அந்த ஆணையே கைவிடப்பட்டது. இத்தனை சத்தத்தில், இரண்டு விதமாகப் பழகிய ஆசிரியர்களை ஒன்றாக வேலை செய்ய வைப்பது எப்படி என்ற பேச்சு எடுபடவில்லை. ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதன் சுற்றுவட்டாரத்துச் சின்னப் பள்ளிகளையும் ஒரே தொகுப்பாக்கும் ‘பள்ளி வளாகம்’ என்ற யோசனை 2020 தேசியக் கல்விக் கொள்கையிலேயே இருக்கிறது. ஆகவே ஆந்திராவோடு இந்தக் கேள்வி முடிந்துவிடாது.

பெரிய வகுப்புக்குப் பாடம் எடுப்பவருக்குச் சின்ன வகுப்பு தண்ணீர்பட்ட பாடு என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். பி.எட். படித்தவருக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு வராதா என்பார்கள். அவருக்குக் கணக்கு வரும். பிள்ளைக்கு அது ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பது வேறு படிப்பு. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் சிலர் 35 என்று எழுதுவார்கள். கணக்கு ஆசிரியர் சிவப்பு மையில் தப்பு போட்டு, ‘கவனமாப் போடு’ என்று நோட்டைத் திருப்பிக் கொடுப்பார். தொடக்கப் பள்ளியில் பழகிய டீச்சருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்: 2இல் 7 போகாது என்பதால் பிள்ளை 7இல் 2ஐக் கழித்திருக்கிறது. ஒரு பத்தைப் பிரித்தால் பத்து ஒன்றுகள் கிடைக்கும் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. ரப்பர் பேண்டு போட்ட குச்சிக் கட்டுகளை மேசையில் வைத்து, ஒரு கட்டை அந்தப் பிள்ளையையே பிரிக்கச் சொல்வார்.

இந்த வித்தியாசத்தை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. பி.எட். முடித்தவர்களும் 1 முதல் 5 வரை கற்பிக்கத் தகுதியானவர்கள் என்று 2018இல் வந்த என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அறிவிக்கை செல்லாது என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நியமனம் பற்றிய வழக்கு. பள்ளி இணைப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் தொடக்க வகுப்புக்கென்று தனிப் பயிற்சி வேண்டும் என்ற அதன் அடிப்படை இங்கேயும் பொருந்தும்.

கோளாறு ஒரு பக்கம் மட்டும் இல்லை. ‘சின்ன எண்ணில் பெரிய எண் போகவே போகாது’ என்று கீழ் வகுப்பில் சொல்லிப் பழக்குகிறோம். ஆறாம் வகுப்பில் குறை எண்கள் வந்ததும் 3-இலிருந்து 5 போகிறது, மீதி -2. பிள்ளை யாரை நம்பும்? ‘பெருக்கினால் கூடும்’ என்ற வாக்கியமும் பின்னம் வந்ததும் இப்படித்தான் உடைகிறது. மேல் வகுப்பில் என்ன வருகிறது என்று கணக்கு ஆசிரியர் சொன்னால், ‘இப்போ நமக்குத் தெரிஞ்ச எண்களில் போகாது’ என்று டீச்சர் பேச்சைத் திருத்திக்கொள்வார். ஒரு கழித்தல் கணக்கை வைத்துக்கொண்டே இரு தரப்பும் அரை நாள் பேசலாம்.

நடக்கிற பயிற்சியோ வேறு மாதிரி. வள மையத்தில் நூறு பேரை உட்கார வைத்து, பவர்பாயிண்ட் போட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்புகிறார்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளின் பழைய நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இணைப்புக்கு முந்தைய பருவத்திலேயே உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சில நாள் மூன்றாம் வகுப்பின் பின்பெஞ்சில் உட்காரட்டும். தொடக்கப் பள்ளி டீச்சர் ஆறாம் வகுப்பில் உட்காரட்டும். அந்த நாட்களில் அவரவர் வகுப்பை யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்யாவிட்டால் இது நடக்கவே நடக்காது.

அடுத்தது மரியாதை. தொடக்க வகுப்பெடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கும் மேல் வகுப்பெடுக்கும் பாட ஆசிரியருக்கும் சம்பளம் வேறு, பதவி உயர்வு வேறு. அதை ஒரு பள்ளியால் மாற்ற முடியாது. ஆனால் ஆளில்லாத வகுப்புக்குப் போவதும், மதிய உணவுக்குத் தலை எண்ணுவதும், அலுவலகத்துக்குத் தபால் கொண்டுபோவதும் எப்போதும் தொடக்கப் பள்ளியிலிருந்து வந்தவர் தலையிலேயே விழுந்தால், நோட்டைத் திறந்து வைத்துப் பேச அவர் ஏன் வரப்போகிறார்? இது தலைமை ஆசிரியர் கையில் இருக்கிறது. அவருக்கே தொடக்க வகுப்புப் பழக்கம் இல்லையென்றால் முதல் பயிற்சி அவருக்குத்தான்.

கால அட்டவணையைச் சில்லறை வேலை என்று விட்டுவிடுவார்கள். ஜப்பானில் 2016 ஏப்ரல் முதல் தொடக்கக் கல்வியின் 6 ஆண்டும் அதற்கடுத்த இடைநிலையின் (7 முதல் 9ஆம் வகுப்பு வரை) 3 ஆண்டும் சேர்ந்த ஒன்பதாண்டுப் பள்ளிகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. அங்கே தொடக்க வகுப்பில் ஒரு பாடவேளை 45 நிமிடம், இடைநிலையில் 50 நிமிடம். மணி எப்போது அடிப்பது என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும். ஆசிரியருக்கு இரண்டு நிலைக்குமான உரிமமும் வேண்டும் என்பது அங்கே விதி. ஒன்று மட்டும் வைத்திருப்பவருக்கு இப்போதைக்கு விலக்கு உண்டு. நம் ஊரில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். இரு தரப்புக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை ஒன்றாக ஓய்வு கிடைக்கும்படி அட்டவணை போட்டாலே போதும். ‘ஸ்கூல் விட்டதும் பேசிக்கலாம்’ என்றால் பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள்.

தமிழ்நாட்டு நடுநிலைப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியரும் பட்டதாரி ஆசிரியரும் ஏற்கெனவே ஒரே தலைமை ஆசிரியரின் கீழ்தான் இருக்கிறார்கள். இருந்தும் ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும்போது பல இடங்களில் கைமாறுவது மதிப்பெண் பட்டியல் மட்டும்தான். யாருக்கு வாசிப்பு திணறுகிறது, யார் வகுப்பில் வாயே திறப்பதில்லை, யார் வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள் என்பதெல்லாம் ஐந்தாம் வகுப்பு டீச்சரின் மனதோடு நின்றுவிடுகிறது. ஒரு பிள்ளைக்கு நான்கு வரி போதும், அதற்குப் படிவம் அச்சடிக்க வேண்டியதில்லை.

கடைசியாக, வரிசை. ஆசிரியர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து முடித்த பிறகு மாறுதல் கலந்தாய்வு வைத்தால், பழகியவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவார்கள். கலந்தாய்வு முடியட்டும்; யார் யார் அந்தப் பள்ளியில் இருக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகு பயிற்சிக்குத் தேதி குறிக்கலாம்.