டீஷார்க் கொண்டு ஒரே ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ஒரு டிஎன்எஸ் வினவலுக்கு (இணையப் பெயரின் முகவரியைக் கேட்பது) எந்த முகவரி விடையாக வந்தது, இரு கணினிகளுக்கிடையே உள்ள ஒரு டிசிபி இணைப்பை முதலில் முறித்தது எந்தப் பக்கம் போன்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும், வலையமைப்பில் சென்றவற்றைப் பதிந்துவைத்த பதிவுக் கோப்பில் உள்ள ஒரே ஒரு பாக்கெட்டே (தரவுத் துண்டே) விடை சொல்லிவிடும். அதைப் பிரித்துப் படிக்க நான் பரிந்துரைப்பது, பாக்கெட்டுகளைத் திரையில் விரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளின் குழுவினரே உருவாக்கும் டீஷார்க் என்னும் கட்டளை வரிக் கருவி. வயர்ஷார்க்கின் திரையில் தெரியும் அதே விவரங்களை இது வெறும் எழுத்தாகத் தருவதால், வெளியீட்டைச் சேமிக்கலாம், இன்னொரு பாக்கெட்டோடு ஒப்பிடலாம், உடன் பணிபுரிபவருக்கு அனுப்பலாம். டிசிபிடம்ப் என்னும் இன்னொரு கருவி பாக்கெட்டுகளைப் பதிவு செய்வதற்கு மிக நல்லது. ஆனால் டிஎன்எஸ் போன்ற மேலடுக்கு நெறிமுறைகளை இந்த அளவு ஆழமாக அது விளக்குவதில்லை. உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் டீஷார்க்கைத் தனித் தொகுப்பாக நிறுவ வேண்டும்.

முதலில் பாக்கெட்டின் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். டீஷார்க் என்று தட்டி, கழித்தல் குறியுடன் சிறிய ஆர், அதன்பின் கோப்பின் பெயர் என்று கொடுத்தால், ஒரு வரிக்கு ஒரு பாக்கெட்டாகப் பட்டியல் வரும். வரியின் தொடக்கத்தில் இருப்பதே அந்த எண். பட்டியல் நீளமாக இருந்தால், பெரிய ஒய் விருப்பத்துடன் டிஎன்எஸ் என்பது போன்ற நெறிமுறைப் பெயரை வடிகட்டியாகச் சேர்த்துச் சுருக்கலாம்.

அடுத்து, அதே கட்டளையில் வடிகட்டியை மாற்ற வேண்டும். ஃபிரேம், நம்பர் என்ற இரு ஆங்கிலச் சொற்களையும் சிறிய எழுத்தில், நடுவே ஒரு புள்ளி வைத்து இணைத்து, இரண்டு சமக்குறிகள் இட்டு, 42 என்பது போல எண்ணை எழுதி, முழுவதையும் மேற்கோள் குறிகளுக்குள் அடைக்க வேண்டும். இறுதியில் பெரிய வி சேர்த்தால் எல்லா அடுக்குகளும் விரிவாக வரும். சிறிய வி போட்டால் மென்பொருளின் பதிப்பு எண் மட்டுமே வரும். ஒரு நெறிமுறை மட்டும் விரிந்தால் போதும் என்றால், வி-க்குப் பதிலாகப் பெரிய ஓ போட்டு அதன் பெயரைத் தர வேண்டும். என் அன்றாட வேலைக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

சிறிய எக்ஸ் சேர்த்தால் பைட்டுகளும் பதினாறடிமான எண்களாக (ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக) வரும். ஈதர்நெட் என்னும் கம்பிவழி வலையமைப்பின் பாக்கெட்டில் முதல் 14 பைட்டுகள் ஈதர்நெட் தலைப்பகுதி. அதன் கடைசி இரண்டு பைட்டுகள் 0800 என்றால் அடுத்து வருவது ஐபி பதிப்பு 4. அது வழக்கமாக 45 என்ற பைட்டில் தொடங்கும்: 4 என்பது பதிப்பு, 5 என்பது தலைப்பகுதியின் நீளம், அதாவது ஐந்து நான்குகள் 20 பைட்டுகள். ஐபி தலைப்பகுதியின் பத்தாவது பைட்டில் 06 இருந்தால் டிசிபி, 11 இருந்தால் டிசிபி போலவே தரவைச் சுமக்கும் இன்னொரு நெறிமுறையான யுடிபி. இதைச் சில பாக்கெட்டுகளிலாவது கையால் சரிபார்த்துப் பழகுவது நல்லது.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பாக்கெட்தானே வேண்டும் என்று, எடிட்கேப் கருவியால் அதை முதலில் தனிக் கோப்பாக வெட்டியெடுத்து, பிறகு டீஷார்க்கிடம் கொடுப்பார்கள். இப்படிச் செய்யவே கூடாது. ஒரு பாக்கெட்டின் பொருள் பல நேரங்களில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பாக்கெட்டுகளில்தான் இருக்கிறது. வலைப்பக்கங்களைச் சுமக்கும் எச்டிடிபி நெறிமுறையின் ஒரு பெரிய பதில் பல டிசிபி துண்டுகளாக வரும். இடைத் துண்டைத் தனியே எடுத்தால் வெறும் தரவு என்று மட்டுமே தெரியும். தொலைபேசி உரையாடலின் குரலைச் சுமக்கும் ஆர்டிபி பாக்கெட் எந்த யுடிபி போர்ட்டில் (வாயில் எண்ணில்) வரும் என்பதை அதற்கு முன் அழைப்பை அமைக்க நடந்த எஸ்ஐபி பரிமாற்றமே முடிவு செய்கிறது. அந்தப் பரிமாற்றம் கோப்பில் இல்லையென்றால், அது ஆர்டிபி என்பதை டீஷார்க் தானாக அறிய இயல்வதில்லை. இணைப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் டிசிபியின் ஒப்பீட்டு வரிசை எண்களும் மீண்டும் 1-இலிருந்து தொடங்கி நம்மைக் குழப்பும். ஆகவே முழுக் கோப்பையும் கொடுத்து, வடிகட்டியால் மட்டுமே தேர்ந்தெடுங்கள். கழித்தல் குறியுடன் 2 என்ற விருப்பத்தையும் சேர்த்தால், கருவி கோப்பை இருமுறை கடந்து, இந்த வினாவின் விடை எத்தனையாவது பாக்கெட்டில் உள்ளது என்பது போன்ற பின்னால் வரும் தகவல்களையும் நிரப்பித் தரும்.

முழுக் கோப்பு கிடைக்கவே வழியில்லை என்றால், டிகோட் என்ற சொல்லின் முதல் எழுத்தான சிறிய டி விருப்பத்தின் மூலம் இந்தப் போர்ட்டில் இருப்பது இந்த நெறிமுறை என்று நாமே சொல்லிவிடலாம். பாதுகாப்பான இணைப்புகளில் உள்ள டிஎல்எஸ் குறியாக்கத்துக்கு இது உதவாது; அதைத் திறக்க அந்த அமர்வின் சாவிகள் வேண்டும்.

விளக்கம் பாதியில் நின்றுவிட்டால், வெளியீட்டின் தொடக்கத்தில் உள்ள இரண்டு நீளங்களை ஒப்பிடுங்கள். பீகேப் என்ற வடிவில் உள்ள பதிவுக் கோப்பில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன் உள்ள 16 பைட்டுகளில், கம்பியில் சென்ற நீளமும் பதிவான நீளமும் தனித்தனியே இருக்கின்றன. பதிவானது குறைவு என்றால், பதிவு செய்தபோதே பாக்கெட் வெட்டப்பட்டிருக்கிறது. விடுபட்ட பைட்டுகளை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

பின்சேர்க்கை: வடிகட்டி பிழை காட்டுவதாக விண்டோஸ் பயன்படுத்தும் வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அதன் கட்டளைச் சாளரம் ஒற்றை மேற்கோளை ஏற்காது. இரட்டை மேற்கோள் இடுங்கள். லினக்ஸில் ஒற்றை மேற்கோளே பாதுகாப்பானது, ஏனெனில் வடிகட்டியில் ஆச்சரியக்குறி வந்தால் இரட்டை மேற்கோளுக்குள் பாஷ் என்னும் கட்டளை இயக்கி அதற்கு வேறு பொருள் கொள்ளும். அனுமதிப் பிழை வருவதால் ரூட் என்னும் நிர்வாகிக் கணக்கில் இயக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வேண்டாம். கோப்பைப் படிக்க ரூட் உரிமை தேவையில்லை. கோப்பின் உரிமையாளரை மாற்றினால் போதும். பிறர் அனுப்பிய கோப்பு என்றால் இதில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் பாக்கெட்டைப் பிரிக்கும் நிரல்களில் பாதுகாப்புக் குறைகள் அவ்வப்போது கண்டறியப்பட்டு வருகின்றன.