முகாமில் வீல் சேர் வாங்கப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

என் சித்தப்பாவுக்கு வந்த முதல் வீல் சேர் இலவசம். ஒரு சங்கத்தார் சால்வை போட்டு, போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் குளியலறை வாசலில் நுழையவில்லை. இருக்கை அகலம் 18 இன்ச், சித்தப்பாவின் இடுப்பு 15. ஒரு பக்கமாகவே சரிந்து உட்கார்ந்து இரண்டே மாதத்தில் புண் வந்துவிட்டது. அந்த வண்டியில் இப்போது துணி காய்கிறது. இரண்டாவது வண்டியை ஒழுங்காக வாங்கிய கதைதான் இது.

படி 1: தாள்கள். யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை), ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, போட்டோ. எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். அட்டையில் ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

படி 2: எங்கே கேட்பது? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். இன்னொரு வழி, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் கொடுக்கும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டம். 1981-இலிருந்து இருக்கிறது. இதில் வரும் வண்டிகள் பெரும்பாலும் கான்பூரில் உள்ள அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனத்தில் செய்தவை. மாத வருமானம் ரூ. 22,500 வரை என்றால் முழுவதும் இலவசம், ரூ. 30,000 வரை என்றால் பாதி விலை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே தேவைக்கு மூன்று வருடத்துக்குள் மறுபடி கேட்க முடியாது (12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு ஒரு வருடம்). தொண்டு அமைப்பு கொடுத்ததும் இந்தக் கணக்கில் சேரும்! சும்மா வருகிறதே என்று பொருந்தாத வண்டியை வாங்கிப் போட்டால் மூன்று வருடம் போச்சு. நாங்கள் அப்படித்தான் காத்திருந்தோம்.

படி 3: ஏடிஐபி முகாம் ஒன்றல்ல, இரண்டு. முதலில் அளவெடுத்துப் பதிவுசெய்யும் முகாம். வண்டி கையில் கிடைப்பது பிறகு நடக்கும் வழங்கும் முகாமில். முதல் முகாமுக்கு உட்காரப் போகிறவரே வர வேண்டும். சித்தப்பாவை எதற்கு அலைக்கழிப்பது என்று நான் மட்டும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான்.

படி 4: அளவு. கூட்டத்தில் அவசரமாக எடுப்பார்கள், ஆகவே வீட்டிலேயே எடுத்து எழுதிக்கொண்டு போங்கள். தையல்காரர் டேப் வேண்டாம், தொடை வளைவோடு சேர்ந்து வளைந்து இரண்டு இன்ச் கூட்டிக் காட்டும். கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப்தான் சரி. ஆளைப் பலகையில் நிமிர்ந்து உட்கார வையுங்கள்.

இடுப்பின் இரு பக்கமும் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றொன்றை நிமிர்த்திப் பிடித்து, இடைவெளியை அளங்கள். அதுதான் இருக்கை அகலம். அடுத்து, முதுகின் பின்புறத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. அதில் 3 முதல் 6 சென்டிமீட்டர் கழித்தால் இருக்கையின் ஆழம். கழிக்காமல் விட்டால் இருக்கையின் விளிம்பு மடிப்பில் குத்தும், ஆள் முன்னால் வழுக்கிக்கொண்டே வருவார். இரண்டு காலையும் அளந்து, வித்தியாசம் இருந்தால் குட்டையான காலின் அளவை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை. செருப்பு போடுகிறவர் என்றால் செருப்போடு. கால்பலகை குஷனுக்கு மேலிருந்து இவ்வளவு கீழே இருக்க வேண்டும்.

கடைசியாக வீட்டு வாசல்களின் அகலம். கைவளையத்தோடு (சக்கரத்தைக் கையால் தள்ளப் பிடிக்கும் வளையம்) சேர்த்தால் வண்டி, இருக்கையைவிட ஏழெட்டு இன்ச் அகலம். அதாவது 16 இன்ச் இருக்கை என்றால் வெளி அகலம் 24-ஐத் தொடும்.

படி 5: குஷன். வண்டியைவிட முக்கியம் என்பேன். ஆள் உட்கார்ந்தபின் உங்கள் விரல்நுனியைப் பிட்டத்து எலும்புக்கும் குஷனுக்கும் நடுவே விடுங்கள். மேலும் கீழும் அசைக்க முடிந்தால் நல்லது. அசையாமல் வெளியே உருவ மட்டும் முடிந்தால் கவனம். நசுங்கி மாட்டிக்கொண்டால் வேறு குஷன் பாருங்கள். மெத்தைக்கடை ஸ்பான்ஜ் சில மாதத்தில் அமுங்கிவிடும், மாதம் ஒருமுறை விரல்விட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: மூளை முடக்குவாதம் உள்ள மகளுக்கு இந்த அளவுகள் போதுமா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். போதாதுங்க. கழுத்து, முதுகுக்குத் தாங்கல் வேண்டும், அதற்குத் தனி இருக்கை உண்டு. பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனத்துக்குப் போங்கள்.

பின்சேர்க்கை 2: "16 இன்ச் வாங்கியும் பாத்ரூமில் இடிக்கிறது" என்று இன்னொருவர். எங்களுக்கும் இடித்தது. கதவைக் கீலோடு கழற்றிவிட்டுத் திரை மாட்டினோம், ஒன்றரை இன்ச் கிடைத்தது. சித்தப்பா உள்ளே போகும்போது பாடுவார், ஆள் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.