அடுப்பை மாற்றும் முன் கரண்ட் மீட்டரைப் பாருங்கள்

சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: "பேசாம இண்டக்ஷனுக்கு மாறிடலாமா?" 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் ஆண்டுக்கு ஆறுதான் என்று மத்திய அரசு சுருக்கியபோதும் இதே பேச்சு எழுந்தது. அவசரமாக வாங்கியவர்கள் நிறைய. அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. வாங்கிய அடுப்பு பரணுக்குப் போனது.

இப்போது மின்சார நிலைமை வேறு. அரசும் இந்தப் பக்கம் தள்ளுகிறது. எரிவாயுவுக்குக் கொடுக்கும் மானியத்தை மின் அடுப்புக்குக் கொடுத்தால் என்ன என்று 2021இல் நிதின் கட்கரி வெளிப்படையாகவே கேட்டார். 2023இல் மத்திய அரசு சார்ந்த மின்சிக்கன நிறுவனமான இஇஎஸ்எல் 20 லட்சம் இண்டக்ஷன் அடுப்புகளைப் பரப்பும் திட்டத்தை அறிவித்தது. நாம் எரிக்கும் எல்பிஜியில் ஏறத்தாழ 60 சதவீதம் இறக்குமதி என்பதால் டெல்லிக்கு இந்த அக்கறை வருவது இயல்பு. நாட்டுக்கு லாபம் என்பது உங்கள் வீட்டுக்கும் லாபமா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

எல்லார் வீட்டுக்கும் ஒரே கணக்கு

"இண்டக்ஷன்ல சமைச்சா பாதிக் காசுதான்" என்று ஒருவர் சொல்வார். "எனக்கு கரண்ட் பில் எகிறிடுச்சு" என்று இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பத்தை மின்சார யூனிட்டில் சொன்னால் சுமார் 180 யூனிட். பர்னரின் வெப்பத்தில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மிச்சம் பக்கவாட்டில் வழிந்து சமைப்பவர் முகத்தில் அடிக்கிறது. இண்டக்ஷனில் 85 சதவீதம் அளவுக்குப் பாத்திரத்துக்கே போய்விடும். ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷன் சுமார் 120 யூனிட்டில் முடிக்கும். நாலு பேர் வீட்டில் சிலிண்டர் இரண்டு மாதம் வருகிறது என்றால், மொத்தச் சமையலையும் மாற்றும்போது இரண்டு மாத பில்லில் கூடுவது அந்த 120 யூனிட்.

அந்த 120 எந்த ஸ்லாபில் விழுகிறது என்பதுதான் விஷயம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் நிர்ணயித்த கட்டணத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய்.

இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் மட்டுமே ஓடும் சின்ன வீடு 200க்குப் போனால் பில் 225 ரூபாய். 250 ஓடும் வீடு 370க்குப் போனால் கூடுதல் செலவு 540 ரூபாய். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் விலை 868.50. இரண்டு வீட்டுக்குமே லாபம்தான்.

ஏசி ஓடும் வீட்டைப் பாருங்கள். 450 யூனிட்டுக்கு பில் 1,425 ரூபாய். 120 கூடி 570 ஆனால் 2,510. கூடுதல் 1,085 ரூபாய், சிலிண்டரைவிட அதிகம். காரணம், 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. அந்த 2.25 ரூபாய் ஸ்லாபே காணாமல் போய், 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 ஆகிவிடுகிறது. 500 யூனிட்டில் நின்றால் 1,725 ரூபாய். 510 ஆனால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 2024இல் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியது. இன்றைய விகிதத்தை வைத்து உங்கள் வீட்டுக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். பழைய மூன்று பில் கையில் இருந்தால் போதும்.

கோடையில் 500ஐத் தொட்டு, கார்த்திகை மார்கழியில் 250க்கு இறங்கும் வீடுகள் ஏராளம். அவர்கள் ஆண்டு முழுவதும் ஒரே அடுப்பில் நிற்க வேண்டிய அவசியமில்லை. குளிர்காலத்தில் இண்டக்ஷன், ஏசி ஓடும் மாதங்களில் கேஸ் என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் தீ முன்னால் நிற்பது கொடுமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

வாடகை வீட்டுக்காரர்கள் கதை தனி. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்கினால் ஸ்லாப், இலவசம் எதுவும் உங்களுக்குக் கிடையாது. எட்டு ரூபாய் என்றாலே 120 யூனிட் 960 ஆகிவிடும். அங்கே கேஸ்தான் மலிவு. இதில் யோசிக்க வேண்டியதே இல்லை.

பெரிய பின்னை வெட்டிவிட்டுச் சின்ன பின் மாட்டுவது

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 2,000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஓடும்போது ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதனால்தான் அது தடித்த பின் உள்ள பிளக்கோடு வருகிறது. பழைய வீட்டுச் சமையலறையில் பவர் பிளக் ஒன்றுதான் இருக்கும். அதில் ஃபிரிட்ஜோ கிரைண்டரோ குடியிருக்கும். உடனே கன்வெர்ஷன் பிளக், இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பிளக்கையே வெட்டிச் சின்னது மாட்டித் தரும் எலக்ட்ரீஷியன்களும் உண்டு. மிக்ஸி இரண்டு நிமிடம் ஓடும், சாக்கெட் தாங்கிவிடும். அடுப்பு முக்கால் மணி நேரம் ஓடும். சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு ஏறுவதும், பிளாஸ்டிக் வாடை வருவதும், பிளக்கைத் தொட்டால் சுடுவதும் வயர் சூடாகிறது என்பதற்கான அடையாளங்கள்.

16 ஆம்பியர் சாக்கெட், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி (பளு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த் வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்துத்தான் அடுப்பின் விலை. இன்வெர்ட்டர் லைனில் மாட்டாதீர்கள். வீட்டில் வைக்கும் சாதாரண இன்வெர்ட்டர் இதைத் தாங்காது.

சமைத்து முடித்ததும் சுவர் சுவிட்சைப் பட்டென்று அணைப்பதும் தவறு. உள்ளே இருக்கும் ஃபேன் சற்று நேரம் ஓடி, காயில் எனப்படும் கம்பிச் சுருளைக் குளிர்விக்க வேண்டும். அடுப்புக்கு அடியில் பேப்பரோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டால் காற்று போகும் வழி அடைபடும். கரப்பான் பூச்சி உள்ளே போய்ச் சர்க்யூட்டைக் கெடுப்பதும் நம் ஊரில் சகஜம். பயன்படுத்தாத நாளில் எடுத்து நிமிர்த்தி வையுங்கள். வீட்டில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் இருந்தால் வாங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேஸ் மாதிரியே சமைக்கப் பார்ப்பது

இண்டக்ஷன் சூடாக்குவது பாத்திரத்தின் அடியை. காயிலில் எழும் காந்தப்புலம் இரும்புத் தன்மை உள்ள உலோகத்தில் மின்சுழல்களை உண்டாக்குகிறது, அதில் பிறக்கிறது சூடு. அலுமினியம், செம்பு, பித்தளை, கல்சட்டி, மண்சட்டி எதுவும் நடக்காது. எவர்சில்வரிலும் எல்லாம் ஓடாது. பாத்திரத்தின் அடியில் ஃபிரிட்ஜ் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், நன்றாகப் பிடித்தால்தான் வேலைக்கு ஆகும். ரசத்து ஈயச் சொம்பும் பணியாரக் கல்லும் ஆப்பச் சட்டியும் கேஸ் அடுப்போடுதான் இருக்கும். சுட்ட அப்பளத்துக்கும், தீயில் வாட்டிய கத்தரிக்காய் கொத்சுக்கும் தீ இல்லாமல் வழியில்லை.

இரும்புத் தோசைக்கல் காந்தத்தில் ஒட்டும், அதனால் நடக்கும் என்று நினைப்போம். நடக்கும், பாதி. காயில் இருப்பது நடுவில் ஒரு சின்ன வட்டம்தான். நடுத் தோசை கருகும்போது ஓரம் வெள்ளையாக நிற்கும். கனமான கல்லை எடுத்த எடுப்பில் 2,000 வாட்டில் வைத்தால் நடு மட்டும் சட்டென்று விரிந்து கல் வளையவும் விரிசல் விடவும் செய்யும். மிதமான சூட்டில் நாலைந்து நிமிடம் காயவிட்டு, தோசையைச் சின்னதாக ஊற்றினால் ஓரளவு சமாளிக்கலாம். நாலு பேருக்கு மொறுமொறு ரோஸ்ட் வேண்டுமென்றால் கேஸை மூட்டுங்கள்.

குக்கரில் விசிலை எண்ணுவது இன்னொரு தவறு. கேஸில் ஆவி மெல்ல ஏறும், அந்த நேரத்திலேயே பருப்பு பாதி வெந்துவிடும். இங்கே ஆவி சீக்கிரம் ஏறி, விசில் மளமளவென்று வந்துவிடும். மூன்று விசில் முடிந்து திறந்தால் பருப்பு முழுசாக நிற்கும். முதல் விசில் வந்ததும் சூட்டைக் குறைத்து, அதன்பின் கடிகாரத்தைப் பாருங்கள். பருப்புக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி உங்கள் குக்கருக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். அலுமினியக் குக்கர் என்றால் அடியில் இண்டக்ஷன் தகடு பதித்ததாக இருக்க வேண்டும்.

விலை குறைந்த மாடல்களில் 'சிம்' என்பதே கிடையாது. திரையில் 400 வாட் என்று காட்டும். உண்மையில் ஆயிரத்துச் சொச்சம் வாட்டில் சில நொடி ஓடி, சில நொடி நின்று, சராசரியைத்தான் 400 ஆக்குகிறது. காது கொடுத்துக் கேட்டால் உய்ங்கென்ற சத்தம் வந்து வந்து நிற்பது தெரியும். பால் திடீரென்று பொங்குவதும், மெல்லிய அடி உள்ள பாத்திரத்தில் கேசரி தீய்ந்துபோவதும் இதனால்தான். அடிகனமான பாத்திரம் இந்த ஏற்ற இறக்கத்தை உள்வாங்கிக்கொள்ளும்.

தண்ணீர் சுடவைப்பது, பால் காய்ச்சுவது, சாதம், பருப்பு, இட்லி, உருளைக்கிழங்கு வேகவைப்பது ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். சிலிண்டரில் பெரும்பங்கைத் தின்பது இந்த வேகவைக்கும் வேலைதான். தாளிப்பும் தோசையும் கேஸிலேயே இருக்கட்டும்.

அமெரிக்கச் சண்டையை நம் அடுப்படிக்குக் கொண்டுவருவது

'கேஸ் அடுப்பு நஞ்சு' என்ற வாட்ஸ்அப் செய்திகளின் மூலம் பெரும்பாலும் அமெரிக்கா. 2019இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் புதுக் கட்டடங்களுக்குக் குழாய் எரிவாயு கூடாதென்றது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. அதே 2023 ஜனவரியில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர் கேஸ் அடுப்புத் தடை பற்றி வாய்திறக்க, அது கட்சிச் சண்டையாகவே ஆனது. அங்கே பிரச்சினை குழாயில் வரும் மீத்தேனும் அதன் கசிவும், மூடிய வீட்டுக்குள் சேரும் நைட்ரஜன் டை ஆக்சைடும்.

இங்கே எல்பிஜி வந்தது விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றாக. 2016 மே மாதம் உஜ்வலா திட்டம் தொடங்கியதே விறகுப் புகையிலிருந்து பெண்களை மீட்கத்தான். அந்தப் புகையோடு ஒப்பிட்டால் நீலத் தீ எவ்வளவோ மேல். அதற்காக அதற்கு நூறு மதிப்பெண் போடவும் முடியாது. காற்றில் எரியும் எந்தத் தீயும் நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்கும். ஜன்னல் இல்லாத அடுப்படியில் அது குழந்தைக்கும் ஆஸ்துமா உள்ளவருக்கும் ஆகாது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது: "அதான் கரண்ட் அடுப்பாச்சே" என்று எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிடுவது. மிளகாய் தாளித்த நெடிக்கும் எண்ணெய்ப் புகைக்கும் கீழே எரிவது எது என்று தெரியாது.

சுற்றுச்சூழலுக்காக மாறுகிறேன் என்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சிலிண்டர் எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வரும். இந்திய மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு பெரிது; யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ. 120 யூனிட்டுக்கு 84 கிலோ, அதாவது இரட்டிப்பு. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக இந்த எண் இறங்கும், சிலிண்டரின் எண் இறங்காது. ஆனால் இன்றைய தேதியில் வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்காகவும், பணத்துக்காகவும், இறக்குமதி குறையவும் மாறலாம். கரியமில வாயுவைக் குறைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் மொட்டைமாடியில் சோலார் இருக்க வேண்டும்.

கேஸ் இணைப்பை ஒப்படைத்துவிடுவது

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சிலிண்டர் இருந்த வீட்டில்தான் குழந்தைக்குப் பால் காய்ச்ச முடிந்தது. கேஸையே நம்புவதும் இதற்குப் பதிலாகாது. இலங்கையில் 2021 கடைசியில் சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடித்தன. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, கேஸுக்கு நீண்ட வரிசை. மின் அடுப்புக்குத் தாவலாம் என்றால், அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டே 13 மணி நேரம் வரை போனது. கொழும்பு மாடிவீட்டுக்காரர்கள்கூட விறகு தேடினார்கள்.

ஆகவே ஒன்றை வாங்கியதும் மற்றதைத் துரத்தாதீர்கள். ஒப்படைத்தால் கையில் வருவது அந்தக் காலத்தில் கட்டிய டெபாசிட் மட்டும்தான். திரும்ப எடுக்கப் போனால் இன்றைய தொகை கேட்பார்கள். 2022 ஜூனில் அது சிலிண்டருக்கு 1,450இலிருந்து 2,200 ஆனது, ரெகுலேட்டருக்குத் தனியாக 250. இரண்டு சிலிண்டர் வைத்திருப்பவர்கள், ஒன்றே ஆறு மாதம் வருகிறது என்று உறுதியான பிறகு, மற்றதைத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஏஜென்சியில் விசாரிக்கலாம். அதுவரை டியூபின் காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக எரியும் அடுப்பின் டியூபைத்தான் யாரும் மாற்றுவதே இல்லை.