சில நேரம் மட்டும் செல்ஃப் எடுக்காத கார்: பழுதைக் கையும் களவுமாகப் பிடிக்கும் முறை

காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆன கார், மார்த்தாண்டத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தால் அசையாது. பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல எடுக்கும். ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே ஒரு தடவைகூட மக்கர் பண்ணாது. பேட்டரி, செல்ஃப் மோட்டார், சாவி சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைவது இந்த மாதிரிப் பழுதில்தான். வண்டி நன்றாக இருக்கும்போது செய்யும் சோதனைகளில் பெரும்பாலும் இது சிக்காது. எடுக்காமல் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அளக்க வேண்டும். அதற்கு மீட்டர் ஏற்கெனவே வண்டியில் காத்திருக்க வேண்டும்.

அதற்கு முன் சத்தத்தைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பும்போது ஃபோனில் வீடியோ எடுத்து வைத்தால் மெக்கானிக்கிடம் வாயால் விளக்க வேண்டியதில்லை. ‘டக்டக்டக்’ என்று வேகமாகத் துடித்தால் வோல்டேஜ் போதவில்லை: சொலினாய்டு (செல்ஃப் மோட்டாரோடு சேர்ந்த மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, லோடு விழுந்ததும் வோல்டேஜ் இறங்குகிறது, சொலினாய்டு விடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் என்றால் சொலினாய்டு வேலை செய்கிறது; அதன் உள்ளே இருக்கும் செம்புக் காண்டாக்ட் கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், தடித்த கேபிளில் எங்காவது பிடிப்பு இல்லாமலும் இருக்கலாம். சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியில் நியூட்ரல் சுவிட்ச் ஆகிய கன்ட்ரோல் பக்கம் பாருங்கள். மோட்டார் ‘உய்ய்’ என்று தனியாகச் சுற்றி இன்ஜின் சுற்றவில்லை என்றால், மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பெண்டிக்ஸ் பல்சக்கரம் வழுக்குகிறது. இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை, பின்னால் வருகிறது.

இரண்டு மீட்டர் கட்டுவது

எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இரண்டு வயர் உள்ள சிறிய டிஜிட்டல் வோல்ட் மீட்டர் கிடைக்கும். 30 வோல்ட் வரை காட்டுவது போதும். இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பேட்டரியின் பிளஸ், மைனஸ் கிளாம்புகளில் நேராகக் கொடுங்கள். மற்றதன் பிளஸ் வயரை செல்ஃப் மோட்டாரின் மெல்லிய வயர் வந்து சேரும் 50ஆம் டெர்மினலிலும், மைனஸைப் பேட்டரி மைனஸிலும் கொடுங்கள். பிளஸ் வயர் தொடங்கும் இடத்தில் 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். வயரை சைலன்சர் பைப்பிலும் ஃபேனிலும் படாமல் டேஷ்போர்டுக்கு இழுத்து, ஓட்டும்போது பார்வையை மறைக்காத இடத்தில் ஒட்டி வையுங்கள்.

அடுத்த முறை வண்டி அடம்பிடிக்கும்போது சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்தபடி இரண்டு எண்களையும் படியுங்கள். பேட்டரி 12க்கு மேல், 50ஆம் டெர்மினல் மீட்டர் எரியவே இல்லை: கரண்ட் செல்ஃப் வரை வரவே இல்லை, கன்ட்ரோல் பக்கம் பழுது. பேட்டரி 12, டெர்மினல் 7 அல்லது 8: சுவிட்சிலோ ரிலேயிலோ காண்டாக்ட் தேய்ந்து வழியில் வோல்டேஜ் போகிறது. இரண்டும் 11.5க்கு மேல் இருந்தும் ‘டக்’ மட்டும்: செல்ஃப் மோட்டாரோ தடித்த கேபிளோதான். பேட்டரி மீட்டரே 8க்குச் சரிந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, இல்லையென்றால் மோட்டார் இறுகியிருக்கிறது. பழுது பிடிபட்டதும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். அவையும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும்.

கடல் காற்றும் எர்த் கேபிளும்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மாதிரி கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த், அதாவது பேட்டரி மைனஸை பாடியோடும் இன்ஜினோடும் இணைக்கும் கேபிள். உப்புக் காற்று, ஆனி ஆடிச் சாரல், ஐப்பசி கார்த்திகை மழை எல்லாம் சேர்ந்து போல்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே துரு ஏற்றுகின்றன. மீன் ஏற்றும் வண்டி என்றால் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் வேறு.

செல்ஃப் சுற்றும்போது சாதாரண பெட்ரோல் காரில் 150 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். துருப்பிடித்த இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். இவ்வளவு சிறிய தடையை சாதாரண மல்ட்டிமீட்டரின் ஓம் நிலையில் பிரித்தறிய முடியாது. ‘பீப்’ அடித்து எல்லாம் நன்றாக இருப்பதாகவே சொல்லும். கேபிளை பீப் அடித்துப் பார்த்து ‘ஓகே’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்ப்பதே சரி.

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றுங்கள். இன்ஜின் பிடிக்காமல் சுற்றும். வேட்டி நுனி, துப்பட்டா, வளையல், மோதிரம் எதுவும் பானெட்டுக்குள் போகக் கூடாது. மல்ட்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழின் மேலேயே (கிளாம்பில் அல்ல), மறுமுனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் பிளாக்கில் வையுங்கள். இன்னொருவர் ஐந்து விநாடி கிராங்க் செய்யட்டும் (சாவியைத் திருப்பி செல்ஃபைச் சுற்றவிடட்டும்). 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. 0.5 காட்டினால் பழுது அங்கேதான். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில், கிளாம்புக்கும் கேபிளுக்கும், கேபிள் நுனிக்கும் பாடிக்கும், பாடிக்கும் இன்ஜினுக்கும் என்று துண்டு துண்டாக அளந்தால் குற்றவாளி மாட்டும். பிளஸ் பக்கமும் இதே முறை: பேட்டரி பிளஸ் குமிழிலிருந்து செல்ஃபில் தடித்த கேபிள் வந்து சேரும் 30ஆம் டெர்மினல் போல்ட் வரை 0.5க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிராங்குக்கும் நடுவே ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். செல்ஃப் மோட்டார் சீக்கிரம் சூடாகும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா கலந்து பழைய பிரஷால் தேயுங்கள். பேட்டரி மூடித் துளைக்குள் அது இறங்கக் கூடாது. துடைத்து, சாண்ட் பேப்பர் போட்டு, இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சூட்டில் வழிந்துவிடும். எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயின்டையும் துருவையும் சுரண்டி உலோகம் தெரியும்படி செய்துதான் திரும்ப மாட்ட வேண்டும். கேபிளை வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ உள்ளே நொறுநொறுவென்று கேட்டாலோ உறைக்குள் செம்பு பச்சையாகிவிட்டது. அதற்குப் பிறகு நுனியை மட்டும் புதிதாக அடிப்பதால் பயனில்லை.

சூடானால் மட்டும் எடுக்காதது

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறி நிறுத்தியதும் எடுக்காமல், ஆறியதும் எடுத்தால் சொலினாய்டைப் பாருங்கள். நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, இன்ஜினின் சூடு முழுதும் பக்கத்தில் இருக்கும் செல்ஃபில் இறங்குகிறது. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும். 60 டிகிரி கூடினால் சொலினாய்டு காயிலின் தடை கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம், இழுக்கும் கரண்ட் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதோடு தேய்ந்த சாவி சுவிட்சில் 2 வோல்ட் போனால் சொலினாய்டு நகராது. தனி ஸ்டார்ட்டர் ரிலே இல்லாத பழைய வண்டிகளில் ஒரு 30 ஆம்பியர் ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக 50ஆம் டெர்மினலுக்குக் கரண்ட் கொடுத்தால் பல வண்டிகளில் தொல்லை தீர்ந்துவிடும். ரிலே ஏற்கெனவே இருந்தால், அதே எண் போட்ட ஹாரன் ரிலேயை மாற்றிச் செருகிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

ஸ்பேனர் பிடியால் செல்ஃப் மோட்டாரை லேசாகத் தட்டியதும் எடுத்தால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் முடிந்துவிட்டது. வீடு போய்ச் சேரத் தட்டலாம். முழு மோட்டாரையும் மாற்றுவதற்கு முன் ஒரு செல்ஃப், டைனமோ கடையில் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷ், புஷ், சொலினாய்டு காண்டாக்ட் தனித்தனியே மாற்றக்கூடியவை. ஸ்க்ரூடிரைவரால் டெர்மினலை ஷார்ட் செய்வது வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி முன்னால் நிற்பவர் மேல் பாயும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் வண்டியில் பின்சீட் பக்கம் இரண்டு விநாடி ‘ம்ம்’ என்று பம்ப் ஓட வேண்டும். சத்தம் இல்லையென்றால் பம்ப் ரிலே, ஃபியூஸ், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். இரவு நிறுத்திக் காலையில் மட்டும் வெகுநேரம் சுற்றினால், சாவியை மூன்று முறை ஆன் ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் லைனில் பிரஷர் நிற்பதில்லை. பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணம்.

சூட்டில் நின்று ஆறியதும் எடுப்பதற்கு இங்கே பெயர்போன காரணம், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, இன்ஜின் சுற்றும்போது ஆர்பிஎம் பாருங்கள். சுமார் 200 காட்ட வேண்டும், பூஜ்யம் காட்டினால் சென்சாரோ அதன் வயரோதான். பி0335 என்ற பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தால் சந்தேகம் வலுக்கும். குறியீடு இல்லாததால் சென்சாரை விட்டுவிடாதீர்கள். எட்டும் இடத்தில் இருந்தால் அதன் மேல் ஈரத்துணி போட்டு இரண்டு நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். மழைக்காலத்தில் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எடுத்து ஒரு விநாடியில் அணைந்து, சாவி படம் போட்ட விளக்கு சிமிட்டினால் இமொபிலைசர்: சரியான சாவி இல்லையென்று இன்ஜினைத் தடுக்கும் திருட்டுத் தடுப்பு. மற்ற சாவியால் முயலுங்கள். ஒரே வளையத்தில் இரண்டு கார் சாவி தொங்கினால் ஒன்றைக் கழற்றுங்கள்.

டீசல் வண்டியை மூக்கு மேலே தெரியும்படி மேட்டில் நிறுத்திய மறுநாள் மட்டும் தொல்லை என்றால் லைனில் காற்று ஏறுகிறது. ஃபில்டருக்கு முன்னால் தற்காலிகமாக உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் ஹோஸ் போட்டால் குமிழி தெரியும். நம் ஊர்க் குளிருக்கு குளோ பிளக்கை (குளிரில் டீசல் பிடிக்கச் சூடேற்றும் பிளக்) குறை சொல்வது கடைசியில் இருக்கட்டும்.

வாரக்கணக்கில் நிற்கும் கார்

வெளிநாட்டில் இருப்பவர் வீட்டுக் கார்களில் இது வழக்கம். பூட்டி நிற்கும் வண்டி 50 மில்லி ஆம்பியர் வரை குடிப்பது இயல்பு. அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருபது நாளில் 24 போய்விடும். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் சரி.

கசிவை அளக்க, மைனஸ் கேபிளைக் கழற்றி மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் தொடராகப் போடுங்கள். சாவியைத் தொடவே கூடாது, செல்ஃப் எடுத்தால் மீட்டரின் ஃபியூஸ் போகும். கதவுகளை மூடி, பானெட் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, அரை மணி நேரம் விடுங்கள். கன்ட்ரோல் யூனிட்கள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். அதன் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு (மீட்டரில் 0.05) மேல் காட்டினால், வெளியே வாங்கிப் போட்ட மியூசிக் சிஸ்டம், கேமரா, ஜிபிஎஸ் ஆகியவற்றை முதலில் கழற்றிப் பாருங்கள். கம்பெனி வயரிங்கைத் தொடுவது அதற்கு அப்புறம்.