போன் வாலட்டில் டீஆப் பயன்படுத்துவது எப்படி? 'கனெக்ட்' முதல் 'ரிவோக்' வரை

போன வருடம் பாலிகன் என்ற பிளாக்செயின் நெட்வொர்க்கில் நான் வைத்திருந்த 40 யுஎஸ்டிசி (டாலர் மதிப்போடு ஒட்டி நிற்கும் கிரிப்டோ காசு) ஒரே ராத்திரியில் காணாமல் போனது. சீட் ஃப்ரேஸை (வாலட்டை மீட்டெடுக்கும் ரகசிய வார்த்தைகளை) யாருக்கும் சொல்லவில்லை. போனும் கையை விட்டுப் போகவில்லை. காலையில், பாலிகன் பரிவர்த்தனைகளைக் காட்டும் தளமான பாலிகன்ஸ்கேனில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பார்த்தேன். 'மெத்தட்' என்ற இடத்தில் 'டிரான்ஸ்ஃபர் ஃப்ரம்' என்று இருந்தது. பணம் போனது என் முகவரியிலிருந்து, ஆனால் பரிவர்த்தனையை அனுப்பியது வேறு ஒரு முகவரி. கேஸ் ஃபீ (நெட்வொர்க் கட்டணம்) கட்டியதும் அவர்களே.

நான்கு மாதம் முன்னால் ஒரு கிரிப்டோ காசைக் கொடுத்து இன்னொன்று வாங்கும் சின்ன ஸ்வாப் தளம் ஒன்றில் நான் அழுத்திய 'அப்ரூவ்' பட்டன்தான் காரணம். வேலை முடிந்ததும் அந்தத் தளத்தை டிஸ்கனெக்ட் செய்திருந்தேன், அதோடு கணக்கு தீர்ந்தது என்று நம்பினேன். தீரவில்லை. ஏன் தீரவில்லை என்று புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. புதிதாகத் தொடங்கும் யாரும் அந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. எக்ஸ்சேஞ்சில் காயின் வாங்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

எந்த வாலட்?

வாலட் என்பது உங்கள் கிரிப்டோவை நீங்களே கையாள உதவும் ஆப். இங்கே மெட்டாமாஸ்க்கை வைத்தே சொல்கிறேன். 2016-இல் பிரவுசர் எக்ஸ்டென்ஷனாக வந்தது, 2020-இல் போனுக்கும் வந்தது. ஏறக்குறைய எல்லா டீஆப்பும் (வாலட்டை இணைத்துப் பயன்படுத்தும் பிளாக்செயின் செயலி அல்லது தளம்) இதை ஏற்கும். எனக்கு முக்கியமான காரணம் வேறு: அப்ரூவ் கேட்கும்போது எவ்வளவு தொகைக்கு அனுமதி என்பதை அந்தத் திரையிலேயே மாற்றலாம். கொஞ்சம் பழகிய பிறகு ராபி வாலட்டையும் பாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே 'இதைச் செய்தால் உங்கள் பேலன்ஸில் இது குறையும், இது கூடும்' என்று காட்டுவதில் ராபிதான் எனக்குப் பிடித்தது.

பிளே ஸ்டோரில் பெயரைத் தேடி இறக்காதீர்கள், போலி ஆப்கள் அடிக்கடி தலைகாட்டும். மெட்டாமாஸ்க்கின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கே உள்ள டவுன்லோட் இணைப்பு வழியாக ஸ்டோருக்குள் செல்லுங்கள்.

12 வார்த்தைகள்

புது வாலட் உருவாக்கினால் 12 ஆங்கில வார்த்தைகள் தருவார்கள், இதுதான் சீட் ஃப்ரேஸ். 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுத்தவை அவை. அந்தப் பட்டியலுக்கு ஜப்பானிய, கொரிய, பிரெஞ்சு வடிவங்கள் உண்டு, தமிழ் வடிவம் இல்லை. அதனால் ஆங்கிலம் வராத அம்மா அப்பாவுக்கு வாலட் அமைத்துக் கொடுப்பவர்கள் தாங்களே உட்கார்ந்து, பெரிய எழுத்தில், வரிசை எண்ணோடு எழுதிக் கொடுங்கள். பட்டியலில் எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. ஆகவே பின்னாளில் மை மங்கினாலும் முதல் நான்கு எழுத்து தெளிவாகத் தெரிந்தால் வார்த்தையைக் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டு தாளில் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். கேலரி தானாகவே கிளவுடுக்குப் போகும் போன்கள்தான் நம்மில் பலரிடம் இருக்கின்றன.

ஆப் கேட்கும் பாஸ்வேர்ட் அந்த ஒரு போனுக்கு மட்டும்தான். போன் தொலைந்தால் உங்களைக் காப்பாற்றுவது தாளில் உள்ள 12 வார்த்தைகள். இவற்றை எந்தத் தளமும், எந்த 'கஸ்டமர் கேர்' ஆளும் கேட்க வேண்டிய அவசியமே கிடையாது.

வாலட் தயாரானதும் உள்ளேயே இரண்டாவது அக்கவுண்ட் ஒன்றை உருவாக்குங்கள். முதல் அக்கவுண்ட் பீரோ, இரண்டாவது சட்டைப்பை. டீஆப் எதுவானாலும் சட்டைப்பையை மட்டுமே அதில் இணைக்க வேண்டும். நாம் தரும் அனுமதி முகவரிக்கு முகவரி தனித்தனி என்பதால், சட்டைப்பையில் ஓட்டை விழுந்தாலும் பீரோவுக்குச் சேதம் வராது. வார்த்தைகளே வெளியே போனால் மட்டும் இரண்டும் சேர்ந்து போகும்.

முதலில் செபோலியா

நிஜப் பணத்தில் பழகாதீர்கள். எத்தீரியம் என்ற பிளாக்செயினுக்கு செபோலியா என்ற சோதனை நெட்வொர்க் இருக்கிறது. அங்கே உள்ள ஈத்தருக்கு (எத்தீரியத்தின் காசு) சந்தை மதிப்பு கிடையாது. மெட்டாமாஸ்க்கின் நெட்வொர்க் பட்டியலில் சோதனை நெட்வொர்க்குகளைக் காட்டச் சொல்லி செபோலியாவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஃபாசெட் எனப்படும் தளம் ஒன்றில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் கொஞ்சம் செபோலியா ஈத்தர் வரும். கூகுள் கிளவுட் அப்படி ஒன்றை நடத்துகிறது, நான் அதைத்தான் பயன்படுத்தினேன்.

இணைப்பது

போனில் டீஆப்பைத் திறக்க இரண்டு வழி. வாலட்டுக்குள்ளேயே இருக்கும் பிரவுசரில் தள முகவரியைத் தட்டித் திறப்பது ஒன்று. குரோமில் தளத்தைத் திறந்து, வாலட்கனெக்ட் (தளத்தையும் வாலட்டையும் இணைக்கும் வசதி) வழியாக வாலட் ஆப்புக்குத் தாவி, சம்மதம் தெரிவித்து, மறுபடி குரோமுக்கு வருவது இன்னொன்று.

தொடங்குபவர்களுக்கு முதல் வழிதான் நல்லது என்பது என் கருத்து. இரண்டாவது வழியில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. குரோமில் கனெக்ட் அழுத்துவேன், வாலட் திறக்கும், ஆனால் சம்மதம் கேட்கும் திரை வராது. போனின் பேட்டரி சேவர், பின்னணியில் இருக்கும் வாலட்டை மூடிவிடுவதுதான் கோளாறு. வாலட் ஆப்பின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, முதலில் வாலட்டைத் திறந்து பாஸ்வேர்ட் கொடுத்துவைத்து, அதன் பிறகு குரோமில் கனெக்ட் அழுத்தினால் வேலை செய்கிறது. சம்மதம் கொடுத்த பிறகு பல போன்களில் தானாகத் திரும்பாது, நீங்களேதான் குரோமுக்குத் தாவ வேண்டும்.

எந்த வழியானாலும் டீஆப்பின் பெயரை கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். முகவரியை ஒருமுறை சரிபார்த்து புக்மார்க்கில் போட்டு, எப்போதும் அதிலிருந்தே திறங்கள்.

நான்கு பட்டன்கள், நான்கு பொருள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். வாலட்டில் எழும்பும் திரைகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கீழே நீல நிறத்திலோ கருப்பிலோ ஒரு பட்டன், அழுத்தினால் மறைந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றும் கேட்பது வேறு.

'கனெக்ட்' என்பது உங்கள் முகவரியையும் பேலன்ஸையும் தளத்துக்குக் காட்டுவது. அதை வைத்து அவர்களால் பணத்தை எடுக்க முடியாது.

'கன்ஃபர்ம்' என்பது இப்போதே நடக்கப்போகும் பரிவர்த்தனை. கேஸ் ஃபீ போகும், பிளாக்செயினில் பதிவாகும்.

'அப்ரூவ்' என்பதை யுபிஐ ஆட்டோபே மேண்டேட் போல நினைத்துக்கொள்ளுங்கள். 'இந்த டோக்கனில் இவ்வளவு வரை நீயே எடுத்துக்கொள்' என்று ஒரு கான்ட்ராக்ட்டுக்கு (பிளாக்செயினில் இயங்கும் நிரலுக்கு) எழுதிக் கொடுப்பது. ஆட்டோபேயில் உச்சவரம்பு உண்டு. இங்கே பல தளங்கள் வரம்பே இல்லாத அனுமதியைத்தான் முதலில் நீட்டுகின்றன, அடுத்த முறை மறுபடி கேட்க வேண்டாமே என்ற வசதிக்காக. நான் கொடுத்தது அந்த வகை. தளத்தை டிஸ்கனெக்ட் செய்தது முகவரியைக் காட்டுவதை மட்டும் நிறுத்தியது. மேண்டேட் டோக்கனின் கான்ட்ராக்ட்டிலேயே எழுதப்பட்டு அப்படியே கிடந்தது. வாலட் ஆப்பையே போனிலிருந்து அழித்திருந்தாலும் அது கிடந்திருக்கும்.

'சைன்' என்பது வெறும் கையெழுத்து. கேஸ் ஃபீ கிடையாது. பெரும்பாலும் உள்நுழைவதற்காகக் கேட்பார்கள், அது பிரச்சினையில்லை. ஆனால் 'பெர்மிட்' என்ற வகைக் கையெழுத்து அப்ரூவ் செய்வதற்குச் சமம். அந்தத் திரையில் 'ஸ்பெண்டர்', 'வேல்யூ', 'டெட்லைன்' என்ற சொற்கள் தெரிந்தால் பணத்தைப் பற்றிய கையெழுத்து என்று உறுதி. கேஸ் கேட்கவில்லையே என்று அலட்சியமாக அழுத்திவிடாதீர்கள்.

இதை, டோக்கன்களை மாற்றித் தரும் டீஆப்பான யுனிஸ்வாப்பில் செபோலியாவை வைத்தே நேரில் பார்க்கலாம். அமைப்புகளில் டெஸ்ட்நெட் மோடைப் போட்டு, கொஞ்சம் ஈத்தரை யுஎன்ஐ டோக்கனாக மாற்றுங்கள். ஒரே ஒரு கன்ஃபர்ம்தான் வரும். ஈத்தர் அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காசு, பரிவர்த்தனையோடு நீங்களே அனுப்பிவிடுகிறீர்கள். இப்போது அந்த யுஎன்ஐயைத் திரும்ப ஈத்தராக மாற்றுங்கள். என் போனில் மூன்று திரைகள் வந்தன: அப்ரூவ், சைன், கடைசியாக கன்ஃபர்ம். டோக்கன் என்பது இன்னொரு கான்ட்ராக்ட்டின் ஏட்டில் உள்ள எண். அதை நகர்த்த யுனிஸ்வாப்புக்கு உங்கள் அனுமதி வேண்டும், அதனால்தான் இத்தனை திரை.

அப்ரூவ் திரையில் நில்லுங்கள். 'ஸ்பெண்டிங் கேப்' என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் பென்சில் குறி. அதைத் தொட்டு, இப்போது மாற்றப்போகும் தொகையை மட்டும் எழுதுங்கள். 5 டோக்கன் மாற்றுவதானால் 5. ஸ்வாப் முடிந்ததும் அனுமதியும் தீர்ந்துவிடும். அடுத்த முறை மறுபடி அப்ரூவ் செய்ய வேண்டும், கொஞ்சம் கேஸ் கூடுதலாகப் போகும். போகட்டும்.

'நல்ல தளம்தானே' என்ற நம்பிக்கையும் இங்கே போதாது. 2021 டிசம்பரில் பேட்ஜர்டாவ் என்ற டீஆப்பின் சொந்தத் தளத்திலேயே யாரோ நிரலைச் செருகி, வந்தவர்களிடம் கூடுதல் அனுமதி வாங்கிக்கொண்டார்கள். சுமார் 12 கோடி டாலர் போனது. கான்ட்ராக்ட்டில் பிழை இல்லை. பயனர்கள் அழுத்திய அப்ரூவ்தான் வாசல்.

நிஜப் பணம்

பழகிய பிறகு பாலிகன், ஆர்பிட்ரம், பேஸ் போன்ற கட்டணம் குறைந்த நெட்வொர்க்கில் சின்னத் தொகையோடு தொடங்குங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போது நெட்வொர்க் பெயர் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். யுஎஸ்டிசியோடு கேஸ் ஃபீக்கான காசையும் கொஞ்சம் எடுங்கள். பாலிகனில் அது பிஓஎல். பழைய பதிவுகளில் மேட்டிக் என்று இருக்கும், 2024 செப்டம்பரில் பெயரும் டோக்கனும் மாறின.

பாலிகனில் யுஎஸ்டிசி இரண்டு வகை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எத்தீரியத்திலிருந்து பாலம் (நெட்வொர்க் விட்டு நெட்வொர்க் மாற்றும் வசதி) வழியாக வந்த பழையதை 'யுஎஸ்டிசி டாட் இ' என்று எழுதுவார்கள். சர்க்கிள் நிறுவனம் நேரடியாக வெளியிடுவது 2023 அக்டோபரில் வந்தது. இரண்டின் கான்ட்ராக்ட் முகவரிகளும் வேறு வேறு. எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பி அனுப்பும்போது அவர்கள் ஏற்பது எது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒவ்வொரு ஸ்வாப்பையும் தேதியோடு குறித்துவையுங்கள். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்று வாங்குவதும் விற்பனைதான், ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. டிடிஎஸ் விஷயத்தை ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ரிவோக்

ரிவோக் டாட் கேஷ் தளத்தை வாலட் பிரவுசரில் திறந்து உங்கள் முகவரியை இணையுங்கள். இதுவரை கொடுத்த அனுமதிகள் எல்லாம் வரிசையாக வரும்: எந்த டோக்கன், யாருக்கு, எவ்வளவு. 'அன்லிமிடெட்' என்று இருப்பவற்றை முதலில் நீக்குங்கள். ரிவோக் என்பதும் ஒரு பரிவர்த்தனை. அனுமதித் தொகையைப் பூஜ்யமாக எழுதுவதுதான் அது செய்யும் வேலை, அதனால் கேஸ் போகும். முதல்முறை பார்த்தபோது என் பட்டியலில் 11 இருந்தன. மூன்று மட்டுமே நினைவில் இருந்தவை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இதைப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

சேர்த்தவை

ஒரு நண்பர் கேட்டார்: வாலட்டில் யுஎஸ்டிசி தெரிகிறது, ஆனால் அனுப்பும் பட்டன் மங்கலாகவே இருக்கிறது. அவரிடம் பிஓஎல் துளிகூட இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து கொஞ்சம் பிஓஎல் எடுத்ததும் சரியானது.

இன்னொருவர், அனுப்பிய பணம் வரவில்லை என்றார். ஆர்பிட்ரமில் அனுப்பிவிட்டு பாலிகனில் தேடியிருக்கிறார். இந்த நெட்வொர்க்குகள் எல்லாவற்றிலும் உங்கள் முகவரி ஒன்றேதான். நெட்வொர்க்கை மாற்றிப் பார்த்தால் பணம் அங்கே இருக்கும்.

மூன்றாமவர், பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுத்து அனுப்பி 15 டாலரை இழந்தார். முதல் சில எழுத்தும் கடைசி சில எழுத்தும் ஒத்திருக்கும் போலி முகவரியை உருவாக்கி, அதிலிருந்து பூஜ்யத் தொகை பரிவர்த்தனை ஒன்றை உங்கள் பட்டியலில் நுழைத்துவிடுகிறார்கள். ஹிஸ்டரியிலிருந்து நகலெடுக்காதீர்கள். வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் சேமித்துவைத்து அதிலிருந்து அனுப்புங்கள். புது முகவரி என்றால் 42 எழுத்தையும் ஒப்பிடுங்கள்.

ரிவோக் செய்த பிறகும் பணம் போனதாக ஒருவர் எழுதியிருந்தார். அவர் ரிவோக் செய்தது எத்தீரியத்தில், அனுமதி கிடந்தது பேஸில். அனுமதி ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் தனித்தனியாகப் பதிவாகிறது. ரிவோக் டாட் கேஷில் மேலே உள்ள நெட்வொர்க் பட்டியலைத் திறந்து, நீங்கள் ஒருமுறையாவது கால்வைத்த எல்லா நெட்வொர்க்கையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.