இலையுதிர் காலத்தில் ரைன் நதியில் படகில் போக

ஜெர்மனிக்கு அக்டோபரில் போகிறீர்கள், கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அதை ரைன் நதிக்குக் கொடுங்கள். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை, 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு சுமார் 65 கி.மீ. நீளம். ஆனால் முழுத் தூரமும் படகிலேயே போகத் தேவையில்லை. பிங்கனுக்கு எதிர்க்கரையில் உள்ள ரூடெஸ்ஹைமில் ஏறி சங்க்ட் கோவாரில் இறங்குங்கள். கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் நெருக்கமாக வருவது இந்த 30 கி.மீ.க்குள்தான்.

இந்தத் திசையில் படகு நீரோட்டத்தோடு போகும். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். இதே தூரத்தை எதிர்த் திசையில் போனால் இரண்டரை மணியாவது ஆகும், குளிர்காற்றில் மேல்தளத்தில் அவ்வளவு நேரம் உட்கார முடியாமல் எல்லோரும் உள்ளே போய்க் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள். குல்லாவும் காற்றுப் புகாத மேல்சட்டையும் கட்டாயம். வெயில் அடித்தாலும் நதியின் மேல் காற்று சில்லென்றுதான் இருக்கும்.

காலையில் பனிமூட்டம் நதியை மூடிக்கொள்வது இந்தக் காலத்தில் சகஜம், அது விலக நண்பகல்கூட ஆகிவிடும். அதனால் மதியத்துக்குப் பிறகு கிளம்பும் படகுதான் என் தேர்வு. அப்போது சூரியன் மேற்கே சாய்ந்து வலக்கரையில் விழும், மஞ்சளாக மாறிய திராட்சைச் சரிவுகள் அந்த ஒளியில் மின்னும். காவ்ப் ஊருக்கு எதிரே நதியின் நடுவிலேயே நிற்கும் வெள்ளைக் கோட்டையும், அதற்குக் கொஞ்சம் தள்ளி 132 மீட்டர் உயர லோரலை பாறையும் அந்த நேரத்தில்தான் அழகு. எப்போது என்ன வரும் என்று தெரிந்துகொள்ள ஒலிபெருக்கியை நம்ப வேண்டாம். கரையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெரிய எண் பலகை உண்டு. காவ்ப் 546, லோரலை 554.

புறப்படும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். முதலில் கால அட்டவணை: கோடையில் ஓடும் படகுகள் அக்டோபரில் குறைந்துவிடும், மாதக் கடைசியோடு பல நின்றே போகும். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதன் பிறகு ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும்.

அடுத்தது நீர்மட்டம். கோடையில் ஆல்ப்ஸ் பனி உருகி நதிக்கு நீர் தரும். இலையுதிர் காலத்தில் அது ஓய்ந்திருக்கும், மழையும் பொய்த்துவிட்டால் நதி இளைத்துவிடும். காவ்ப் அளவுகோலைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். 2018 அக்டோபரில் அது 25 செ.மீ. வரை இறங்கியது. நதியே அவ்வளவு ஆழம்தான் என்று பயந்துவிடாதீர்கள், கப்பல் ஓடும் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் நீர் இருக்கும். ஆனாலும் நீர் ரொம்பக் குறைந்தால் சில துறைகளில் படகு அணைய முடியாது, எனவே முந்தைய நாளே விசாரித்துவிடுங்கள்.

சரி, திரும்புவது எப்படி? கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் இடையே நதியைக் கடக்க ஒரு பாலம்கூடக் கிடையாது, ஆனால் இரு கரையிலும் ரயில் ஓடுகிறது. ரூடெஸ்ஹைம் வலக்கரை, சங்க்ட் கோவார் இடக்கரை. ரூடெஸ்ஹைமுக்கே திரும்ப வேண்டுமானால் சங்க்ட் கோவாரிலிருந்து ஃபெரியில் அக்கரைக்குப் போய் அங்கே ரயில் பிடியுங்கள். ஃப்ராங்ஃபர்ட் போகிறவர்களுக்கும் அதே ரயில் வசதி.

ரயிலுக்கு நேரமிருந்தால் சங்க்ட் கோவாருக்கு மேலே உள்ள ரைன்ஃபெல்ஸ் கோட்டை இடிபாடுகளுக்கு ஏறிப் பாருங்கள், அல்லது கடைகளில் இந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்கும் ஃபெடர்வைஸர் என்ற, இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் புது ஒயினைக் கேளுங்கள். கூடவே தரும் வெங்காய கேக்கில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும், சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள். ஒயின் பாட்டிலை வாங்கிப் போவதானால் நிமிர்த்தியே பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே வாயு சேர்வதால் மூடியை இறுக்கமாக அடைத்திருக்க மாட்டார்கள்.