கலிஃபோர்னியாவில் சாஃப்ட்னர், ஆர்.ஓ. மாட்டும் தொழில்: சி-55 லைசென்ஸ்

ஊரில் ஆர்.ஓ. சர்வீஸ் செய்து பழகியவர்கள் கலிஃபோர்னியாவில் அதையோ சாஃப்ட்னரையோ (கடின நீரை மென்னீராக்கும் கருவி) மாட்ட ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 1,000 டாலரைத் தொட்டாலே மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் லைசென்ஸ் தேவை (2024 முடியும் வரை இந்த வரம்பு 500 டாலர்). தொகை அதற்குக் கீழே இருந்தாலும், பெர்மிட் வாங்க வேண்டிய வேலை என்றாலோ, உதவிக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைத்தாலோ விலக்கு போய்விடும். தொகையைக் குறைத்துக் காட்ட ஒரே வேலைக்கு இரண்டு பில் போடுவதும் செல்லாது.

பிடிபட்டால் வரும் அபராதத்தைவிடப் பெரிய அடி வேறு. லைசென்ஸ் இல்லாதவர் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது. வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், கொடுத்த பணம் முழுவதையும் வாடிக்கையாளர் வழக்குப் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

இந்தத் தொழிலுக்கான லைசென்ஸ் வகை சி-55. கருவியை வீட்டின் தண்ணீர் லைனோடு இணைக்கவும், சாஃப்ட்னர் தண்ணீர் போகக் கூடாத பகுதிகளுக்கு பைபாஸ் கொடுக்கவும் தேவையான குழாய் வேலை மட்டுமே இதில் அடங்கும். "அப்படியே பாத்ரூம் பைப்பையும் மாற்றிக் கொடுங்கள்" என்றால் அது சி-36 பிளம்பிங் வேலை.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டு, மேற்பார்வை இல்லாமல் தானே வேலையை முடிக்கும் அளவிலான அனுபவம் வேண்டும். எடுபிடி வேலை கணக்கில் வராது. தொழிற்கல்வி, பட்டப்படிப்புக்கு அதிகபட்சம் 3 ஆண்டு வரை கழிவு கிடைக்கலாம். ஒரு வருடமாவது கைவேலை காட்டியே ஆக வேண்டும். விண்ணப்பங்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் வேலையை நேரில் பார்த்த முதலாளி, மேஸ்திரி அல்லது உடன் வேலை செய்தவர் அனுபவப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்; வாரியம் சம்பளச் சீட்டு, வரிப் படிவம், பெர்மிட் நகல் என்று ஆதாரம் கேட்கலாம். கையில் ரொக்கமாக வாங்கிய கூலிக்கு எந்தத் தடயமும் இருக்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே காசோலையாக வாங்குங்கள்.

விண்ணப்பக் கட்டணம் 450 டாலர். தனி உரிமையாளருக்கு முதல் லைசென்ஸ் கட்டணம் 200. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் தனிநபர் வரி எண்ணைக் கொடுக்கலாம். ஆனால் லைசென்ஸ் வேறு, வேலை செய்யும் அனுமதி வேறு. விசா இடம் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டமும் வணிகமும் ஒரு தேர்வு, தொழில் ஒரு தேர்வு. இரண்டையும் 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். கைரேகைப் பதிவும் உண்டு.

25,000 டாலர் பாண்டு (உங்களால் நஷ்டப்படும் வாடிக்கையாளருக்குப் பணம் கொடுக்க ஒரு கம்பெனி தரும் உத்தரவாதம்) என்றதும் பயப்பட வேண்டாம், நீங்கள் கட்டுவது ஆண்டு பிரீமியம் மட்டுமே. புதிதாக வந்தவர்களுக்குக் கடன் வரலாறு இல்லாததால் அது கூடுதலாக வரும், நான்கைந்து இடங்களில் விசாரியுங்கள். இது உங்களைக் காக்கும் இன்ஷூரன்ஸ் அல்ல. வாடிக்கையாளருக்குக் கொடுத்த பணத்தை அந்தக் கம்பெனி பிறகு உங்களிடமே வசூலிக்கும்.

"என் லைசென்ஸ் எண்ணைப் போட்டுக்கொள், மாதம் இவ்வளவு கொடு" என்று யாராவது வந்தால் விலகிவிடுங்கள். மேற்பார்வையே இல்லாத வாடகை லைசென்ஸில் இரண்டு பேரும் மாட்டுவார்கள்.

லைசென்ஸ் வந்த பிறகும் வீட்டு வேலைக்கு முன்பணம் 1,000 டாலர் அல்லது மொத்தத்தில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். கருவியின் வடிகால் குழாயை நேராகச் சாக்கடைக் குழாயில் செருகாமல் காற்று இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் கழிவுநீர் பின்வாங்கிக் கருவிக்குள் ஏறலாம். விற்கும் முன் உள்ளூர் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். சான்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில், உப்பு போட்டுத் தானே புதுப்பித்துக்கொள்ளும் சாஃப்ட்னர்களை 2009 முதல் வீட்டில் வைத்திருக்கவே கூடாது. அந்த உப்பு கழிவுநீர் வழியாக ஆற்றில் கலந்ததுதான் காரணம். அங்கே அப்படி ஒன்றை மாட்டிக் கொடுத்தால், கழற்றவும் நீங்கள்தான் போக வேண்டியிருக்கும்.